ஸ்டெல்லா சிஸ்டர் அன்று விடுப்பில் இருந்தார்

செய்தி வந்தபோது என் இரண்டு கைகளிலும் களிம்பு இருந்தது. இடுப்பெலும்பு முறிந்து எங்கள் வார்டில் படுத்திருக்கும் ஓர் அம்மாவின் ஈரத்துணியை மாற்றி, துடைத்து, ஒத்தியெடுத்து, தொடையிடுக்கில் வெள்ளைக் களிம்பைப் பூசிக்கொண்டிருந்தேன். சட்டைப்பையில் கைப்பேசி அதிர்ந்து நின்றது. மறுபடி அதிர்ந்தது. "எடும்மா, யாரோ அவசரமா கூப்புட்டுகினு இருக்காங்க" என்றார் அந்த அம்மா. முடித்துவிட்டு எடுக்கிறேன் என்றேன். திரைக்குள் ஒருவரைப் பாதி துடைத்தபடி விட்டுவிட்டு வெளியே வருகிற வழக்கம், ஸ்டெல்லா சிஸ்டரோடு வேலை செய்த யாருக்கும் கிடையாது. கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பார்த்தேன். இறந்துபோயிருந்தது அவர்தான். மாரடைப்பு. வீட்டில், காலைக் காப்பிக்கு முன்னால்.

வார்டுக்காரர்கள் வைத்திருக்கும் கைப்பேசிக் குழுவில் அந்தச் செய்திக்குக் கீழே கூப்பிய கைகளின் படங்கள் வரிசையாக வந்து விழுந்துகொண்டிருந்தன. முதலில் கை கூப்பியிருந்தவர் எங்கள் மருத்துவமனையின் மேனேஜர். ஸ்டெல்லா சிஸ்டர் மேல் பழியைப் போட்டு வேலையை விட்டு அனுப்பியவரும் அவரே.

அடக்கத்தன்று அவர் வீட்டுத் தெருமுனையில் எங்கள் மருத்துவமனையின் பெயரில் ஒரு ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார்கள். "எங்கள் ஒளிவிளக்கு அணைந்தது" என்று அதில் எழுதியிருந்தது. பழைய விழா ஒன்றில் எடுத்த படத்திலிருந்து அவர் முகத்தை மட்டும் வெட்டி எடுத்திருந்தார்கள். தோளுக்குப் பக்கத்தில் வேறு யாருடைய முழங்கையோ மிச்சமிருந்தது. அவருடைய மகள் ஆக்னஸ் அதைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் ஒன்றும் பேசவில்லை. எனக்குப் பேச்சு அவ்வளவாக வராது. அது என்னோடு படித்தவர்களுக்கும் வேலை செய்கிறவர்களுக்கும் தெரியும்.

மேனேஜருக்கும் தெரியும். அதனால்தான் அவர் என்னைத் தேர்ந்தெடுத்தார் என்று நினைக்கிறேன். மறுவாரம் தம் அறைக்குக் கூப்பிட்டு, முப்பதாம் நாள் திருப்பலிக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு சிறிய அஞ்சலி மலர் போடுகிறார்களாம், மருத்துவமனையின் சார்பில் நீ எழுதிக் கொடு என்றார். "நீ டிகிரி முடிச்ச பொண்ணு, தமிழும் நல்லா எழுதுவ. பழசெல்லாம் வேண்டாம் மதி. இனிமையா இருக்கட்டும்." சரிங்க சார் என்றேன். எழுதினேன். ஆனால் அவரிடம் கொடுக்கவில்லை. ஆக்னஸிடம் கொடுத்தேன். அவள் நின்றபடியே படித்துவிட்டு, "அச்சுக்கு நானே எடுத்துகினு போறேன்க்கா" என்றாள். அச்சேறுமுன் இதையும் இன்னும் சில வரிகளையும் சேர்த்துக்கொண்டேன்.

ஆகவே, திருப்பலிக்கு வந்து கோயிலில் உட்கார்ந்து இதைக் கையில் வைத்திருக்கிறவர்களே, உங்களில் பலருக்கு ஸ்டெல்லா சிஸ்டரைத் தெரியும். அவரைப் பற்றிய ஒரு பேச்சும் தெரியும். அவருடைய அலட்சியத்தால் ஒரு பெரியவரின் தோல் உரிந்துபோனது, அதனால்தான் வேலை போனது என்பது அந்தப் பேச்சு. அது பொய். அந்தப் பொய்யை அவரோடு சேர்த்துப் புதைத்துவிட்டால் போதும் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் அந்த உதவியைச் செய்யப்போவதில்லை. மருத்துவமனையின் பெயரையும் மேனேஜரின் பெயரையும் எழுதவில்லை. எழுதினால்தான் தெரியும் என்கிற நிலையில் இந்த ஊரில் யாரும் இல்லை.

சுரங்க வேலையை நம்பியிருக்கும் எங்கள் ஊரில் நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் ஷிப்ட் கணக்கில் வருவார்கள். இரண்டாம் ஷிப்டுக்குப் போகிறவர்கள் போகிற வழியில் எட்டிப் பார்ப்பார்கள். முதல் ஷிப்ட் முடிந்தவர்கள் பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வருவார்கள். ஒரு கூட்டம் போவதற்குள் இன்னொரு கூட்டம். மைன்ஸில் ஒன்றாக வேலை செய்தவர்கள் என்றால் கட்டிலைச் சுற்றி நின்றுதான் பேச வேண்டும். வெளியில் நிற்பது மரியாதையில்லை. வருகிறவர்களுக்கு வாடை அடிக்கக் கூடாது என்று குடும்பத்தார் காலையிலேயே படுக்கையில் இருக்கும் முதியவருக்கு டயப்பரை இறுக்கிக் கட்டி, முன்னும் பின்னும் பவுடரைக் கொட்டிவைப்பார்கள். கடைசிப் பார்வையாளர் போகும்வரை அதை அவிழ்க்க மாட்டார்கள். அன்பினால் செய்வதுதான். அந்த அன்பில் சிறுநீரும் பவுடரும் வேர்வையும் சேர்ந்து குழைந்து, அரை நாளில் முதியவரின் தோல் வெந்துவிடும்.

ஸ்டெல்லா சிஸ்டர் அந்தக் கூட்டத்தைக் கலைப்பதற்கென்றே ஒரு பொய் வைத்திருந்தார். திரையை ஒரு கையால் இழுத்துக்கொண்டே, "வெளிய நில்லுங்க, ஊசி போடணும்" என்பார். ஒருமுறை ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்ற ஒருவர், "இப்பதானே சிஸ்டர் ஊசி போட்டீங்க, என்ன ஊசி அது?" என்று விடாமல் கேட்டார். "உங்களுக்கும் ஒண்ணு மிச்சம் இருக்கு, வர்றீங்களா?" என்றார் சிஸ்டர். கட்டிலில் இருந்த பெரியவர்தான் முதலில் சிரித்தார். திரைக்குள் ஊசியே கிடையாது. வெதுவெதுப்பான தண்ணீர், மெல்லிய துணி, களிம்பு, மாற்றுத் துணி, அவ்வளவுதான். ஈரத்தை மாற்றப் போகிறேன் என்று அவர் ஒருநாளும் யார் காதிலும் விழும்படி சொன்னதில்லை. "அவுங்க மானம் போறதுக்கு பதிலா நான் ஒரு பொய்யி சொல்லிட்டுப் போறேன்" என்பார்.

நான் அந்த வார்டில் சேர்ந்த புதிதில், ஒருவருக்குத் தோல் நன்றாக இருக்கிறது, சிவப்பு இல்லை என்று சொன்னேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துப் புறங்கையை அந்த இடத்தில் வைத்தார். சுட்டது. "புத்தகத்துல செவக்கும்னுதான் போட்டுருக்கும். நம்மாளுங்க தோலுல எங்க செவக்கும்? கறுக்கும், மினுங்கும், சூடு காட்டும்" என்றார். சொல்லிவிட்டுத் தம்முடைய காரியத்தைப் பார்க்கப் போய்விட்டார். உட்கார வைத்துப் பாடம் நடத்துகிற ஆளல்ல அவர். சண்டை போடுகிற ஆள். துவைக்க அனுப்புகிற இடத்தோடு, களிம்பைத் தீரத் தீர வாங்கித் தராத ஸ்டோரோடு, ரப்பர் ஷீட்டின் மேல் ஒரு துணிகூட விரிக்காமல் போகிறவர்களோடு, எல்லாரோடும் சண்டை. அவரைப் பிடிக்காதவர்கள் இதைப் படிக்கிறவர்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். அது அவருக்கும் தெரிந்துதான் இருந்தது.

கோதண்டம் ஐயா எங்களிடம் வந்தது பக்கவாதம் வந்த பிறகு. சுரங்கத்தில் பெரிய மண்வெட்டி இயந்திரம் ஓட்டி ஓய்வு பெற்றவர். வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் குழறிவிட்டது. புத்தி மட்டும் தெளிவாக இருந்தது. சிறுநீர் தன்னையறியாமல் போவதை அவரால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. கொடுக்கிற தண்ணீரையெல்லாம் குடித்ததுபோல் காட்டி, கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கும் துப்புகிற பேசினில் ஊற்றிக்கொண்டிருந்தார். குடிக்காவிட்டால் போகாது என்பது அவர் கணக்கு. சிஸ்டர் இரண்டு நாள் பார்த்துவிட்டு, டம்ளரில் மோரைக் கொண்டுவந்து அவர் எதிரில் உட்கார்ந்துகொண்டார். "தண்ணிய ஊத்திட்டீங்க, தெரியல. மோர ஊத்துங்க பாக்கலாம், வெள்ளையா தெரியும்" என்றார். கோதண்டம் ஐயா வாய் கோணச் சிரித்துவிட்டுக் குடித்தார். தண்ணீர் குறைந்தால் சிறுநீர் இன்னும் காரமாகித் தோலை அரிக்கும் என்பதைப் பிறகு அவருக்குப் பொறுமையாகச் சொன்னார். அதற்குப் பிறகு சாப்பாடு முடிந்ததும் ஒருமுறை, டீக்கு முன்னால் ஒருமுறை என்று அவர் கேட்பதற்கு முன்பே சிறுநீர் பாட்டிலை வைத்துவிடுவோம். பகலில் டயப்பரே தேவைப்படாத நாட்களும் வந்தன. அப்படிப்பட்ட நாட்களில் கோதண்டம் ஐயா இடக்கையால் எங்களுக்கு சல்யூட் வைப்பார்.

இது மேனேஜருக்குப் பிடிக்கவில்லை. ரவுண்ட்ஸுக்கு முன்னால் எல்லா முதியவர்களும் டயப்பரில், பவுடர் வாசனையில் இருக்க வேண்டும் என்பது அவர் போட்ட விதி. திரை மூடியிருந்தால் வருகிறவர்கள் என்னமோ ஏதோ என்று நினைப்பார்களாம். "வார்டு மணக்கணும் சிஸ்டர். வர்ற ஜனம் முதல்ல மூக்காலதான் பாக்குது" என்று என் எதிரிலேயே சொன்னார். ஸ்டெல்லா சிஸ்டர், "மணக்கறது பவுடரு சார். உள்ள வேவறது அவுரு தோலு" என்றார். அதை இன்னும் கொஞ்சம் பணிவாகச் சொல்லியிருக்கலாம் என்று பிறகு பலர் சொன்னார்கள். சொன்னவர்கள் யாரும் அந்தப் பெரியவர்களின் துணியை ஒருமுறைகூட அவிழ்த்துப் பார்த்தவர்கள் இல்லை.

இனி அந்த நாள். ஸ்டெல்லா சிஸ்டரின் தம்பி மகளுக்குக் காடாம்புலியூரில் புதுநன்மை, முதன்முறையாக நற்கருணை வாங்குகிற விழா. அதற்காக இரண்டு நாள் முன்பே சொல்லி விடுப்பு எடுத்துக்கொண்டு போயிருந்தார். அன்று பார்த்து, கோதண்டம் ஐயாவோடு ஒரே இயந்திரத்தில் வேலை செய்தவர்கள் எல்லாரும் சேர்ந்து அவரைப் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். கூட ஓர் அதிகாரியும் வருகிறார் என்று தெரிந்தது. குடும்பத்தார் வழக்கம்போலப் பவுடர் போட்டார்கள். கசியக் கூடாதென்று ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு டயப்பர் கட்டினார்கள். வார்டில் உதவிக்கு இருக்கும் ராணியக்கா மாற்றப் போனபோது, மேனேஜர் அவரைத் தடுத்து, விசிட்டர்கள் போகிற வரைக்கும் தொடாதே என்றார். கூட்டம் கூட்டமாக வந்தார்கள். போட்டோ எடுத்தார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். கோதண்டம் ஐயா இடக்கையால் இடுப்பைக் காட்டிக் காட்டி ஏதோ சொன்னாராம். சந்தோஷத்தில் தடுமாறுகிறார் என்று ஒருவர் அவருடைய கண்ணைத் துடைத்துவிட்டாராம்.

நான் மதிய ட்யூட்டிக்கு உள்ளே நுழைந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கூட்டம் போனதும் அவிழ்த்திருக்கிறார்கள். பவுடர் சிமெண்டுபோல இறுகியிருந்திருக்கிறது. வயிறும் இளகிப் போயிருந்திருக்கிறது. அவருடைய மகன் ஷிப்ட் முடிந்து வருவதற்குள் சுத்தமாக்கு என்று மேனேஜர் பக்கத்தில் நின்று விரட்ட, ராணியக்கா புண் கழுவுகிற மருந்தைத் தண்ணீரில் ஊற்றி, துண்டால் அழுத்தித் தேய்த்திருக்கிறார். துண்டோடு தோல் வந்துவிட்டது. நான் பார்த்தபோது ராணியக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். கோதண்டம் ஐயா அழவில்லை. வாயைத் திறந்தபடி கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மகன் உள்ளே வந்தார். அதற்குப் பிறகு அந்தக் கட்டிடத்தில் எந்த மூலையில் இருந்தவருக்கும் அவர் குரல் கேட்டிருக்கும்.

மறுநாள் ஸ்டெல்லா சிஸ்டர் எங்களுக்கென்று ஒரு தூக்கில் பலாச்சுளை எடுத்துக்கொண்டு வேலைக்கு வந்தார். அந்தத் தூக்கோடுதான் அவரை மேனேஜர் அறைக்குள் கூப்பிட்டார்கள். மகன் அங்கே நின்றுகொண்டிருந்தார். ராணியக்காவும் நானும் கதவோரம். மேனேஜர் மகனைப் பார்த்து, இந்த வார்டு ஸ்டெல்லா சிஸ்டரின் பொறுப்பு, டயப்பர் வேண்டாம் பவுடர் வேண்டாம் என்று எல்லாவற்றையும் மாற்றி வைத்தவர் அவர்தான், நடந்ததற்கும் அவர்தான் காரணம் என்றார். நான், "சிஸ்டர் நேத்து லீவுல இருந்தாங்க சார்" என்றேன். சொன்னேன் என்பதில் சந்தேகமே வேண்டாம். என் குரல் சிறியது. "என்னம்மா முணுமுணுக்கற?" என்றார் மேனேஜர். மறுபடியும் சொன்னேன். அதற்குள் மகன் கத்த ஆரம்பித்திருந்தார். "சரி சரி, நீ வெளிய இரு" என்று என்னை அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள். அன்று அந்த அறையில் எடுபடாமல் போன அந்த ஒரு வரியைத்தான் இந்த மலருக்குத் தலைப்பாக வைத்திருக்கிறேன். இப்போது முணுமுணுப்பு என்று யாரும் சொல்ல முடியாது.

அந்த வாரமே அவரைப் போகச் சொன்னார்கள். போவதற்கு முன்னால் வார்டுக்குள் வந்து, திரையை இழுத்துவிட்டு, கோதண்டம் ஐயாவின் புண்ணைத் தம் கையால் ஒருமுறை சுத்தம் செய்தார். அவர் சிஸ்டரின் புடவைத் தலைப்பை இடக்கையில் பிடித்துக்கொண்டு விடவில்லை. நாக்கு புரளாமல் திரும்பத் திரும்ப ஒரே சத்தம். "தெரியுங்க. நீங்க சொல்றது எனக்குப் புரியுதுங்க" என்று சிஸ்டர் சொல்லிக்கொண்டே இருந்தார். அவருக்குப் புரிந்து என்ன பயன்? புரிய வேண்டிய மகனுக்கு அது புரியவில்லை. புண் ஆறுவதற்கு நெடுநாள் ஆயிற்று. கோதண்டம் ஐயா வீட்டுக்குப் போனார். அடுத்த ஆண்டு காலமானார்.

அதன் பிறகு ஸ்டெல்லா சிஸ்டரை இந்த வட்டாரத்தில் எந்த மருத்துவமனையும் எடுத்துக்கொள்ளவில்லை. போகிற இடமெல்லாம் அந்தப் பேச்சு அவருக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. முத்தாண்டிக்குப்பத்தில் ஒரு சிறிய கிளினிக்கில், "நீங்கதானே அந்த தோலு கேஸு?" என்றே கேட்டிருக்கிறார்கள். அவர் கம்பெனிக் குடியிருப்பில் பிளாக் பிளாக்காக வீடுகளுக்குப் போய்ப் படுக்கையில் இருக்கும் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளத் தொடங்கினார். என் விடுமுறை நாட்களில் நானும் துணைக்குப் போவேன். சம்பளத்துக்காகப் போகவில்லை. அவரோடு நடந்தால் எனக்கும் கொஞ்சம் கோபம் வரும். அந்தக் கோபம் எனக்குப் பிடித்திருந்தது.

அப்படியொரு நாள் மேனேஜர் வீட்டிலிருந்தே அழைப்பு வந்தது. குவார்ட்டர்ஸ் அவர் மனைவியின் பெயரில். அந்த அம்மா சுரங்கக் கம்பெனியில் பெர்மனென்ட் ஊழியர். மேனேஜரின் அப்பாவுக்கு ஆபரேஷனுக்குப் பிறகு சிறுநீர் நிற்கவில்லை, காய்ச்சலும் பேதியும் வேறு. வீட்டிலும் அவர் அதே மருத்துவமனை விதியைத்தான் நடத்தியிருந்தார்: டயப்பர், ரப்பர் ஷீட், பவுடர். பெரியவரின் இடுப்புக்குக் கீழே கன்றிக் கறுத்து, அங்கங்கே நீர் கசிந்துகொண்டிருந்தது. அந்த அம்மா கணவனுக்குச் சொல்லாமல் சிஸ்டரைக் கூப்பிட்டிருந்தார். நாங்கள் பெரியவரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேனேஜர் வந்துவிட்டார். வாசலில் எங்கள் செருப்பைப் பார்த்திருப்பார். அறைக்குள் வந்து நின்றார்.

"கை கழுவிகினு வாங்க சார்" என்றார் சிஸ்டர்.

கழுவிக்கொண்டு வந்தார். கையுறையை நீட்டினார் சிஸ்டர். மேனேஜர் மாட்டிக்கொண்டார். சிஸ்டர் அவரைப் பக்கத்தில் வரச் சொன்னார்.

"நானா? நீங்க பண்ண மாட்டீங்களா சிஸ்டர்?"

"நான் தொட்டா தோலு உரியும்னு சொன்னது நீங்கதானே சார்."

அந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். மேனேஜர் துணியை எடுத்தார். எடுத்ததும் தேய்க்கப் போனார். "தேய்க்காதீங்க. இட்லித் துணிய எப்பிடி உரிப்பாங்க? தண்ணி தெளிச்சு, ஊற வுட்டு. அவசரப்பட்டா பாதி இட்லி துணியோட வந்துடும். அன்னிக்கி அப்பிடித்தானே வந்துச்சு?" என்றார் சிஸ்டர், கைகளைக் கட்டிக்கொண்டு. மேனேஜர் துணியைத் தண்ணீரில் நனைத்து நனைத்து வைத்தார். பவுடர் கரைந்து பால்போல வழிந்தது. ஒத்தி எடுங்க, மடிப்புக்குள்ள ஈரம் நிக்கக் கூடாது, களிம்ப சுவத்துக்கு சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி அப்பாதீங்க, போட்ட களிம்ப மொத்தமா சொரண்டாதீங்க, அழுக்கான மேல்பூச்ச மட்டும் எடுங்க என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பெரியவருக்கு வலி கொஞ்சம் குறைந்திருக்க வேண்டும். "கேட்டுக்கடா. நீ பூசுன மாவுக்கு என்னைய எண்ணெயில போட்டா பஜ்ஜியா வந்துருப்பேன்" என்றார். சிஸ்டர் சிரிக்கவில்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

தோல் தேறும்வரை சிஸ்டர் தினமும் போனார். ஒருமுறைகூட அந்தப் பெரியவரைத் தாம் தொடவில்லை. மேனேஜர் காலையில் வேலைக்குப் போகுமுன்னும் மாலையில் வந்ததும் சிஸ்டர் முன்னால் நின்று, தம் தகப்பனைத் துடைத்து, புறங்கையால் தொட்டுப் பார்த்து, சூடு இருக்கிறதா இல்லையா என்று சொல்ல வேண்டும். தவறாகச் சொன்னால் மறுபடி. இடைப்பட்ட நேரத்துக்கு அந்த அம்மாவைப் பழக்கிவிட்டார். நானும் கூடப் போன நாட்களில், திரும்பி வரும் பஸ்ஸில் சிஸ்டர் வறுத்த வேர்க்கடலையைத் தின்றுகொண்டு, "இன்னிக்கி நல்லா ஒத்துனாரு இல்ல?" என்று என்னிடம் கேட்பார். கண்ணில் அப்படியொரு திருப்தி. நல்லவர்கள் பழிவாங்க மாட்டார்கள் என்று பிரசங்கங்களில் கேட்டிருக்கிறேன். நான் பார்த்த நல்லவர் வாங்கினார். அதில் ஒரு முதியவருக்குப் புண் ஆறியது.

கடைசி நாளன்று மேனேஜர் கேட் வரைக்கும் வந்து நன்றி சொன்னார். "நன்றி வேணாம் சார். கோதண்டம் ஐயா மகன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் அன்னிக்கி ஊருலியே இல்லன்னு" என்றார் சிஸ்டர். பார்க்கலாம் சிஸ்டர் என்றார் அவர். வேறு எதையும் சிஸ்டர் கேட்கவில்லை. வேலையைத் திரும்பக் கேட்கவில்லை. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் காத்திருந்தார். என்னைப் பார்க்கும்போதெல்லாம், "சொன்னாராமா?" என்று கேட்பார். இல்லை என்று தலையாட்டுவேன். பேச்சை மாற்றிவிடுவார். மன்னித்துவிடச் சொல்லிப் பங்குத்தந்தை சொன்னாராம். அதை என்னிடம் இப்படிச் சொன்னார்: "மன்னிக்கறேன் ஃபாதர், ஆனா வாங்கிக்க ஆளு வரணும் இல்ல, வராத ஆளுக்கு எங்க கொண்டு போயி குடுக்கறதுன்னு கேட்டேன். அவுரு காப்பி குடிக்கறியாம்மான்னாரு." ஆள் வரவில்லை. அவர் போய்விட்டார்.

இதை ஆக்னஸிடம் கொடுப்பதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தேன். கோதண்டம் ஐயாவின் மகன் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்று பேச எனக்கு வாய் வரவில்லை. எழுதியதை நீட்டினேன். அவர் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்; படியில் உட்கார்ந்து ஷூ லேஸைப் பாதி கட்டியபடியே படித்தார். தம் அப்பா சிஸ்டரின் புடவைத் தலைப்பை விடாமல் பிடித்துக்கொண்ட இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டார். "வூட்டுக்கு வந்தப்புறமும் அப்பா என்னைப் பாத்துப் பாத்து என்னமோ சொல்லுவாரு. தலைய ஆட்டுவாரு. வலிக்குது போலன்னு மாத்திரை குடுத்துகினே இருந்தேன்" என்றார். பிறகு, "அந்தம்மா வூடு எங்க இருக்குது?" என்று கேட்டார். வழி சொன்னேன். அவர் ஷிப்டுக்குப் போகாமல் அங்கே போனதாக ஆக்னஸ் சொன்னாள். சிஸ்டரின் படத்துக்கு முன்னால் நின்றாராம். இனி இந்த ஊரில் யாராவது அந்தப் பேச்சை எடுத்தால், முதலில் அவரிடம்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

இது அச்சாகி உங்கள் கைக்கு வரும் நாளில் என் வேலை போகலாம். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். என் அம்மா முந்திரிக்கொட்டை உடைத்து, அதன் ஓட்டுப் பால் பட்டு வெந்த கையோடுதான் என்னைப் படிக்க வைத்தார். அவரிடம் சொன்னேன். "உண்மைதானே எழுதியிருக்க? அப்பறம் என்ன, சாப்புடு" என்றார்.

ஸ்டெல்லா சிஸ்டரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அவருடைய இனிமையை அல்ல. அது அவரிடம் அதிகம் இருந்ததுமில்லை. அவருடைய பகையை வைத்துக்கொண்டிருக்கிறேன். மேனேஜர் சார், நீங்கள் முன்வரிசையில் உட்கார்ந்து இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள். உங்களுக்கும் வயதாகும். ஒருநாள் நீங்களும் சொல்ல நாக்கு எழாமல் ஏதோ ஒரு வார்டில் படுத்திருப்பீர்கள். அங்கே நான் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். உங்களைப் பார்க்க வருகிறவர்களை வெளியே அனுப்பித் திரையை மூடுவேன். நேரத்துக்கு நேரம் ஈரம் மாற்றுவேன், ஒத்தியெடுப்பேன், களிம்பு பூசுவேன். உங்கள் தோலில் ஒரு நிழல்கூடக் கறுக்க விட மாட்டேன். ஒவ்வொரு முறை உங்களைத் திருப்பிப் படுக்க வைக்கும்போதும், உங்கள் காதில் விழும்படி, ஸ்டெல்லா சிஸ்டர் என்று அவருடைய பெயரைச் சொல்லித்தான் திருப்புவேன்.